பார்த்ததை வரையவும்

எங்கள் தெருமுனை ஓவிய வகுப்பில் வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி உண்டு. இந்தத் தடவை மாஸ்டருக்கு ஒரு யோசனை. பிள்ளைகளை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போவது, அங்கே பார்த்ததை வரையச் சொல்லி மறுவாரம் மாட்டுவது. காரணம் இருந்தது. போன வருஷம் மாட்டிய படங்களில் முக்கால்வாசி ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரமாகக் குடிசை, ஒரு தென்னை மரம். சூரியன் கடலிலிருந்து உதிக்கிற சென்னையில் பிள்ளைகளுக்கு இந்த மலையைப் பழக்குவது யார் என்றே தெரியவில்லை. பரங்கிமலையை நம்பி அவ்வளவு பெரிய சூரியனை வைக்க முடியாது.

துணைக்கு நானும் போனேன். "வண்டலூர் ஜூவுக்கு ஆதியே இந்த வளாகம்தான். 1855இல் இங்கேதான் ஆரம்பித்தார்கள்" என்று மாஸ்டர் சொல்லி வாய் மூடவில்லை, "புலி எங்க சார்?" என்று நாலைந்து பேர் ஓடத் தயாரானார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் தாமதமாக வந்துவிட்டோம் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் குழந்தைகள் மியூசியத்துக்கு வெளியே நிற்கும் டைனோசர்களைப் பார்த்துத்தான் சமாதானம் ஆனார்கள்.

மறுவாரம் கண்காட்சி. ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, துணி கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபேனைப் போட்டால் கலை பறக்கும், போடாவிட்டால் பெற்றோர் வேர்த்து வழிவார்கள். ஒன்றாம் நம்பரில் சுற்றவிட்டார்கள்.

திமிங்கில எலும்புக்கூட்டை ஒரு பொடியன் வாழையிலையில் வைத்திருந்தான். ஓரத்தில் சோறு, ரசம். "தாத்தா சாப்பிட்டு முடிச்சிட்டாரு" என்று விளக்கம் வேறு. இன்னொருத்தி வரைந்தது முழுக்க செருப்புகள். கூட்டத்தில் அவள் உயரத்துக்கு அதுதான் தெரிந்ததாம்.

என் அண்ணன் மகள் இரண்டாம் வகுப்பு. திருவாலங்காட்டிலிருந்து வந்த நடராஜரை வரைந்திருந்தாள். வரைந்தாள் என்றால், மேலே தீப்பெட்டி அளவுக்கு நடராஜர். மீதி சார்ட் முழுக்க அவர் காலடியில் கிடக்கும் முயலகன். கண்ணில் நீலக் கிரேயானால் தாரை தாரையாகக் கண்ணீர். என் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"சாமிய இத்துனூண்டு போட்டுட்டு அசுரன இவ்ளோ பெருசா போட்டிருக்கியேடி!"

"சாமியத்தான் எல்லாரும் பார்த்தாங்க பாட்டி. இவன யாருமே பார்க்கல. முதுகு வலிக்கும்ல?"

அம்மா பதில் சொல்லாமல் சுண்டல் தட்டைப் பார்த்துப் போய்விட்டார்.

பரிசு கொடுக்க ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து, முதல் பரிசை அறிவித்தார். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை, தென்னை மரம்.

மாஸ்டர் முகம் சுண்டிவிட்டது. மைக் ஆனில் இருப்பதையும் மறந்து அந்தப் பையனிடம், "டேய், மியூசியத்துல பார்த்தத வரையச் சொன்னேனேடா. இது எந்த கேலரிலடா இருந்துச்சு?" என்றார்.

"டிக்கெட் லைன்ல சார். முன்னாடி நின்ன அங்கிள் டி-ஷர்ட்ல."