மலை ஏறி, வெந்நீரில் இறங்கி: டாட்ராவில் ஒரு நாள்

போலந்தின் கிராக்கோவ் நகரில் விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்களில் டாட்ரா மலைத்தொடரின் மோர்ஸ்கியே ஓகோ ஏரி நடையையும் வெந்நீர்க் குளியலையும் சேர்த்துத் தருவதற்கு வருடம் முழுக்க ஆள் உண்டு. விளம்பரப் படத்தில் பச்சை ஏரி, ஆவி பறக்கும் குளம், இரண்டுக்கும் நடுவே சிரித்த முகங்கள். எத்தனை மணி நேரம் எங்கே போகும் என்பதுதான் படத்தில் இருக்காது. அதைச் சரியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு இது அருமையான நாள். போடாதவர்கள் குளத்தில் இருக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கிராக்கோவிலிருந்து நடை தொடங்கும் பலெனிட்சா பியவ்சான்ஸ்கா வாகன நிறுத்தம் வரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து ஏரிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர். ஏற இரண்டேகால் மணி, இறங்க ஒன்றே முக்கால் மணி. ஏரிக்கரையில் ஒன்றேகால் மணி நேரம். குளியல் கூடத்துக்குப் போக அரை மணி, அங்கே இரண்டரை மணி, திரும்பி வர மறுபடி இரண்டேகால். கூட்டினால் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். காலை 6:30க்குக் கிளம்பினால் இரவு 7:15க்கு வரலாம், வழியில் எங்கும் நெரிசல் இல்லை என்றால். நெரிசல் இருக்கும். மலையடிவார நகரமான ஸகோபனே பக்கம் போகும் நெடுஞ்சாலையில் லுபியன், ரப்கா ஊர்களுக்கு இடையே 2022 நவம்பரில் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை திறந்த பிறகு பாதி வழி சுகமாகிவிட்டது. ஆனால் நோவி டார்க் ஊரைத் தாண்டியதும் சாலை பழையபடி ஒடுங்கிவிடுகிறது. ஞாயிறு மாலை கிராக்கோவ் திரும்பும் பக்கம் ஊர்ந்துதான் வரவேண்டும். முடிந்தால் செவ்வாய், புதன், வியாழனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாவைப் பதிவு செய்யும் முன் ஒரு கேள்வி: வழிகாட்டி ஏரி வரை கூட நடப்பாரா, வாகன நிறுத்தத்தோடு நின்றுவிடுவாரா? 'வழிகாட்டியுடன்' என்று எழுதியிருந்தாலும் பல சுற்றுலாக்களில் ஓட்டுநரே வழிகாட்டி. இறக்கிவிட்டு, "மூன்று மணிக்கு இங்கே இருங்கள்" என்பதோடு அவர் வேலை முடிந்தது. இந்தப் பாதைக்கு அதுவே போதும், வழி தவற வாய்ப்பே இல்லை. ஆனால் அதற்கும் கூடவே நடக்கும் வழிகாட்டிக்கும் ஒரே விலை கொடுக்க வேண்டாம். தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டு, குளியல் கட்டணம் இரண்டும் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். பூங்காச் சீட்டு பெரிய தொகை இல்லை. குளியல் சீட்டு அப்படியல்ல. இங்கே செல்லுவது ஸ்லாட்டி, யூரோ அல்ல. கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும்.

தனியாகக் கார் எடுத்து வருவோர் வாகன நிறுத்தச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். கோடையில் காலையில் வந்து இடம் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழுவாகப் போவதன் உண்மையான லாபம் இந்தத் தலைவலி இல்லாததுதான்.

மலையேற்றம் என்று பேர், ஆனால் ஏரி வரை போடப்பட்டிருப்பது தார்ச்சாலை. 980 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே தொடங்கி 1395 மீட்டரில் முடிகிறது. ஒன்பது கிலோமீட்டருக்கு நானூறு மீட்டர் ஏற்றம் என்றால் நூற்றுக்கு நாலரை; குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கலாம். சாலைக்கு ஆஸ்வால்ட் பால்சரின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த போலந்துப் பகுதியான கலீசியாவும் ஹங்கேரியும் இந்த ஏரிக்குச் சண்டை போட்டபோது, 1902இல் கிராஸ் நகரத்து நடுவர் மன்றத்தில் கலீசியாவுக்காக வாதாடி ஜெயித்துக்கொடுத்த சட்ட அறிஞர் அவர். தொடக்கத்தில் இடது கைப்பக்கம் ஓடும் பியவ்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியா. உங்கள் கைபேசி அந்த நாட்டு அலைவரிசைக்குத் தாவிவிடும். போலந்துக்கு மட்டும் பேக் போட்டிருந்தால் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

மூன்றாவது கிலோமீட்டரில் கவிஞர் மிட்ஸ்கியெவிச் பெயர் கொண்ட அருவி, பாலத்தின் மேலிருந்தே பார்க்கலாம். அதற்கப்பால் சாலை வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் காட்டுக்குள் கல் படிகள் வைத்த குறுக்குப் பாதைகள் பிரியும். ஏறும்போது அவற்றில் போங்கள். தார்ச்சாலையின் சலிப்பும் குறையும், தூரமும் குறையும். மழை பெய்திருந்தால் இறங்கும்போது வேண்டாம், கல் வழுக்கும். குதிரை வண்டியில் ஏறினாலும் அது ஏரி வரை வராது, கடைசிப் பகுதியை நடக்கத்தான் வேண்டும். குதிரைகளின் பாடு பற்றி அந்த நாட்டில் பல வருடமாக நடக்கும் வாக்குவாதம் வேறு கதை. நாலரை சதவீத ஏற்றத்துக்கு ஆரோக்கியமான கால்கள் போதும் என்பது எங்கள் கட்சி.

கனமான மலையேற்றக் காலணி தேவையில்லை. போக வர பதினெட்டு கிலோமீட்டர் கெட்டித் தரை என்பதால் மெத்தென்ற அடிப்பாகம் உள்ள, ஏற்கனவே போட்டுப் பழகிய ஓட்டக் காலணியே நல்லது. ஏறும்போது எல்லாருக்கும் கால் நன்றாகத்தான் இருக்கும். இறங்கும்போதுதான் பாதம் முன்னால் சரிந்து விரல் நுனி காலணியில் மோதும். கட்டைவிரல் நகம் கறுப்பதும் கொப்புளம் வருவதும் அப்போதுதான். ஏரியிலிருந்து கிளம்பும் முன் கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கி, விரல் பக்கம் தளர்த்திக் கட்டுங்கள். குதிகாலில் சூடு தெரிந்தால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் உடைந்த காலோடு பொதுக் குளத்தில் இறங்கக் கூடாது; ஐந்து நிமிட சோம்பேறித்தனத்துக்குக் குளியலே போய்விடும்.

கிராக்கோவ் ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்று வைத்தால் ஏரிக்கரை ஏழு டிகிரி குளிராக இருக்கும். காற்று அதற்கு மேல். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வியர்வையில் நனைந்தால் காய்வதற்குள் உடம்பு நடுங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி மின்னல் அடிக்கடி வரும். காலையிலேயே நடை தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏரியின் பெயருக்குக் கடல் கண் என்று பொருள். நிலத்தடி வழியாகக் கடலோடு தொடர்பு உண்டு என்ற பழங்கதையிலிருந்து வந்த பெயர். ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிக ஆழம், பனியாறு கருங்கல்லில் குடைந்த கிண்ணம். கரையைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு மணி நேரம் பிடிக்கும். சிக்கல் இங்கேதான். எதிர்க்கரைக்கு மேலே 1583 மீட்டரில் சார்னி ஸ்டாவ் என்ற இன்னொரு ஏரி. இன்னும் இருநூறு மீட்டர்கூட ஏற்றம் இல்லையே என்று கால் தானாக நகரும். போய்வர நின்று பார்ப்பதையும் சேர்த்து இரண்டு மணி நேரம். மேலே சொன்ன கணக்கில் அந்த இரண்டு மணி எங்கேயும் இல்லை. குளியலை விட்டுவிட்டால் உண்டு. அதற்கும் மேலே நிற்கும் ரிசி, 2499 மீட்டர், போலந்தின் மிக உயர்ந்த சிகரம். அது தனி நாள், தனித் தயாரிப்பு. குளியல் சுற்றுலாவில் வந்தவர் அதை நினைக்கவே வேண்டாம்.

கரையில் 1908இல் கட்டிய மலை விடுதியில் சூடான சாப்பாடு கிடைக்கும், வரிசையும் கிடைக்கும். அரை மணி வரிசையில் நின்றால் ஒன்றேகால் மணியில் மிச்சம் என்ன? ஆப்பிள் கேக் வாங்கிக்கொண்டு வெளியே கல்லில் உட்காருங்கள். க்வாஷ்னிட்சா என்ற புளித்த முட்டைக்கோஸ் சூப்பில் இறைச்சி போடுவார்கள், சைவர்கள் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏரியில் நீந்தவோ, வாத்துக்கும் மீனுக்கும் எதுவும் போடவோ, டிரோன் பறக்கவிடவோ அனுமதி இல்லை. நாயையும் கூட்டிவர முடியாது.

குளிர்காலத்தில் இது வேறு பாதை. மிதிபட்டுப் பளிங்காகிப் போன பனிக்கட்டி மேல் சாதாரணக் காலணி நிற்காது. காலணிக்கு மேல் ரப்பரால் மாட்டும் சிறு இரும்புப் பற்களை இங்கே ராச்கி என்பார்கள். சுற்றுலா நிறுவனம் தருமா என்று கேட்டு வையுங்கள். சாலையின் மேல் பகுதி பனிச்சரிவு விழும் பள்ளங்களைக் கடந்து போகிறது. 1909 முதல் இயங்கும் டாட்ரா மீட்புப்படையான டோபர் தினமும் ஆபத்தின் அளவை ஒன்றிலிருந்து ஐந்து வரை அறிவிக்கும். பாதையை மூடினால் வழிகாட்டியோடு வாதாடாதீர்கள். அவசரத்துக்கு 112, அல்லது டோபரின் 601 100 300. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், நெற்றி விளக்கு பையில் இருக்கட்டும்.

இனி வெந்நீர். எந்தக் கூடம் என்பதைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பலெனிட்சாவிலிருந்து இறங்கினால் புக்கோவினா டாட்ஷான்ஸ்கா, பியவ்கா டாட்ஷான்ஸ்கா ஊர்க் கூடங்கள் வழியிலேயே வரும். ஷாஃப்ளாரி இன்னும் கொஞ்சம் தள்ளி, கிராக்கோவ் திரும்பும் பாதையில் இருக்கிறது. ஹொஹொவுவ் ஸகோபனேக்கு மேற்கே. மோர்ஸ்கியே ஓகோவோடு சேர்த்தால் மலையடிவாரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கடக்க வேண்டும், அரை மணி ஒரு மணியாகிவிடும். ஸகோபனே நகரைச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அது பொருந்தும்.

இந்தத் தண்ணீர் டாட்ராவில் பெய்த மழைதான். மலையின் சுண்ணாம்புக்கல், டோலமைட் சரிவுகளில் இறங்கும் நீர், வடக்கே சாய்ந்து ஆழத்துக்குப் போகும் அதே பாறை அடுக்குகளின் வழியே மலையடிவாரப் பகுதியான போட்ஹாலே நிலத்துக்கு அடியில் போகிறது. மேலே மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய கனமான படிவம், பானைக்கு மூடி போட்ட மாதிரி. நீர் மேலே தப்ப வழியில்லாமல் ஆழத்தின் சூட்டில் காய்கிறது. தானாக வெளிவந்த ஊற்று ஸகோபனேயின் யஷ்சுருவ்காவில் இருந்தது. வெறும் இருபது டிகிரி வெதுவெதுப்பு, அதிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளித்தார்கள். நல்ல சூடு வேண்டுமென்றால் துளைக்க வேண்டும். ஹொஹொவுவ் கிணற்றின் ஆழம் 3572 மீட்டர், வெளிவரும் நீர் ஏறத்தாழ 82 டிகிரி. பன்ஸ்கா நிஷ்னாவில் 5 கிலோமீட்டரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், அந்த வட்டாரத்து வீடுகளுக்கு வெப்பமூட்டுவதும் இதே நீர்தான். குளத்துக்கு வருமுன் சூட்டைக் குறைத்துவிடுவார்கள். பெரும்பாலான குளங்கள் 30 முதல் 38 டிகிரிக்குள். கந்தக வாசனை வரும் குளத்தில் வெள்ளி நகை கறுக்கும், கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள்.

நுழையும்போது கையில் சில்லு பொருத்திய பட்டை கட்டுவார்கள். உங்கள் இரண்டரை மணி அந்தக் கணத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. உடை மாற்றுவதும் தலை காயவைப்பதும் அதற்குள்தான். கூடுதல் நிமிடங்களுக்கு வெளியேறும்போது கட்ட வேண்டும். நீச்சலுடையை உள்ளே போட்டுக்கொண்டே மலை ஏறலாம் என்று யோசனை வரும். வியர்வையில் தொடை உரசிப் புண்ணாகும். குளியல் பையைத் தனியாகக் கட்டி வண்டியிலேயே விட்டுவிடுங்கள்: நீச்சலுடை, துண்டு, ரப்பர் செருப்பு, ஈர உடைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பருத்தி டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் குளத்தில் அனுமதிக்க மாட்டார்கள். உடல் மூடிய நீச்சலுடை வேண்டுவோர் குறிப்பிட்ட கூடத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெட்கப்பட்டுப் பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே சொல்லிவிடுகிறோம்: சானா என்ற வெப்ப அறைப் பகுதிக்குத் தனிச் சீட்டு, அங்கே பெரும்பாலும் ஆணும் பெண்ணும் நீச்சலுடையே இல்லாமல் துண்டோடு இருப்பார்கள். தெரியாமல் கதவைத் திறக்க வேண்டாம்.

நாலு மணி நேரம் நடந்த உடம்பில் நீர் குறைந்திருக்கும். வெந்நீரில் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் விரியும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். வழுக்கும் தரையில் விழுவது அப்படித்தான். அதனால் வண்டியிலேயே அரை லிட்டர் தண்ணீரும் உப்புள்ள ஏதாவதும் உள்ளே போகட்டும். முதலில் 32 டிகிரிக் குளம், பிறகு சூடானது. 36க்கு மேல் பதினைந்து, இருபது நிமிடம் போதும். படியில் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழுந்து, வெளியே பத்து நிமிடம். குளத்தோரத்தில் பீர் விற்பார்கள். வாங்குவதானால் கடைசியாக, வெளியே வந்த பிறகு. கணுக்கால் பிசகியிருந்தால் அந்தக் காலை வெந்நீரில் வைக்காதீர்கள், சூடு வீக்கத்தைக் கூட்டும். கர்ப்பிணிகளும் இதய நோய், ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

குளியலை முதலில் வைத்து நடையைப் பின்னால் தள்ளும் சுற்றுலாவும் உண்டு, மலிவாகவே தருவார்கள். எடுக்காதீர்கள். தளர்ந்த தசையோடும் ஈரத் தலையோடும் மதிய இடிக்கு நேராக ஏற வேண்டியிருக்கும்.

உங்கள் நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது குளத்தை விட்டு எழுந்துவிடுங்கள். தலை முடியைக் கடைசி ஈரம் வரை காயவையுங்கள். கதவுக்கு வெளியே மலைக் காற்று, வண்டிக்குள் ஏசியோ ஹீட்டரோ, இரண்டேகால் மணி நேரம்.