நகோயா துறைமுகக் கணினியும் அரசின் கண்ணும்

2023 ஜூலை 4 காலை ஆறரை மணியளவில், ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கையாளும் கணினி அமைப்பு முடங்கியது. அச்சுப்பொறியிலிருந்து பணம் கேட்டு மிரட்டும் தாள் வெளிவந்தது. லாக்பிட் என்ற கும்பலின் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் மென்பொருள்) வேலை அது. எந்தப் பெட்டி எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது, எந்த லாரியில் ஏற வேண்டும் என்ற விவரமெல்லாம் அந்த மென்பொருளிலேயே இருந்ததால், கிரேன்கள் பழுதின்றி நின்றபோதும் ஏறத்தாழ இரண்டரை நாள்கள் வேலை நடக்கவில்லை. 37 கப்பல்களின் கால அட்டவணை குலைந்தது.

என்னை யோசிக்க வைத்தது தாக்குதலைவிட, அதற்கு முன்பிருந்த ஏற்பாடுதான். துறைமுகத்தை நிர்வகிப்பது உள்ளாட்சி அரசுகள் அமைத்த ஆணையம். கணினி அமைப்போ சரக்கேற்றும் தனியார் நிறுவனங்களின் சங்கத்துக்கு உரியது. இணையப் பாதுகாப்புக்காக ஜப்பான் அரசு வகுத்திருந்த 14 முக்கியக் கட்டமைப்புத் துறைகளில் விமான நிலையமும் ரயில்வேயும் இருந்தன, துறைமுகம் இல்லை. வெளிநாட்டு வணிகச் சரக்கில் எடைக்கணக்கில் ஏறத்தாழ முழுவதையும் கடல்வழியே நகர்த்தும் தீவு நாட்டில் இப்படி ஒரு விடுபாடு!

2024 மார்ச்சில் துறைமுகம் 15ஆவது துறையாகச் சேர்க்கப்பட்டது. பொருளாதாரப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டு மே மாதம் திருத்தப்பட்டு, துறைமுகச் சரக்குப் பணி அதன் வரம்புக்குள் வந்தது. அரசு குறிப்பிடும் நிறுவனங்கள் முக்கியக் கணினி அமைப்பை நிறுவுவதற்கு முன்பே ஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பரபரப்பில்லாத இந்த முன் ஆய்வையே நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் தாக்குதலுக்குப் பிறகு வாங்கும் அறிக்கையால் நின்றுபோன லாரி நகராது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றிருக்கிறது. அங்கு 2025 ஜூலை 16 முதல் நடைமுறையிலுள்ள கடலோரக் காவல்படை விதி, சட்டப்படி பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டிய துறைமுக வசதிகளும் அமெரிக்கக் கொடியேற்றிய கப்பல்களும் இணையப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்கவும், ஆண்டுக்கு இருமுறையாவது ஒத்திகை நடத்தவும் கட்டாயப்படுத்துகிறது. பிற நாட்டுக் கொடியுடன் வரும் கப்பல்களுக்கு இவ்விதி பொருந்தாது; அவை பெரும்பாலும், 2021 முதல் பாதுகாப்பு மேலாண்மையில் இணைய ஆபத்தையும் கருதச் சொல்லும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தீர்மானத்தையே சார்ந்துள்ளன, அதன் பிடி தளர்வானது.

நகோயாவில் மீட்பு தாமதமானதற்கு ஒரு காரணம், காப்பு நகலிலும் தீநிரல் இருந்ததுதான். ஆகவே ஆய்வுக்கு வரும் அதிகாரி கோப்பைப் புரட்டுவதோடு நில்லாமல், காப்பு நகலிலிருந்து அமைப்பைத் தம் கண்முன் மீட்டுக் காட்டும்படி கேட்க வேண்டும். அந்த அதிகாரம் அவருக்கு விதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.