ஆற்காட்டுக்காரர்களின் கடல்

பிப்ரவரி 13, 2025, வியாழன். தோட்டப்பாளையம், வேலூர்

கூடாரத்தை மாடியில் விரித்துப் பார்த்தோம். ஒரு கம்பி லேசாக வளைந்திருக்கிறது. பரவாயில்லை, நிற்கும்.

போவது கடப்பாக்கம் என்ற கடற்கரை ஊர். அங்கே படகு வைத்திருக்கும் தம்பி போன வருடம் தன் அம்மாவை சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்ட அழைத்து வந்தவர். எங்கள் மாடி அறையில்தான் தங்கியிருந்தார். "ஒரு தரம் நம்மூருக்கு வாங்கண்ணா, கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று காலி செய்யும்போது சொன்னார். நோயாளிகளோடு வந்து தங்குகிறவர்கள் எல்லாரும் கிளம்பும்போது இப்படி ஏதாவது சொல்வார்கள், நாங்களும் தலையாட்டுவோம். இவர் பொங்கலுக்கு ஒரு பை கருவாடு பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். அப்புறம் எப்படிப் போகாமல் இருப்பது?

பதிலுக்கு எடுத்துப்போக இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் மூன்று கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். மகளுக்கு ஒரே கேள்விதான்: "அப்பா, திமிங்கலம் வருமா?" வராது என்றால் நம்ப மறுக்கிறாள்.

பிப்ரவரி 14, வெள்ளி. இரவு, கடப்பாக்கம்

ஆரணி, வந்தவாசி, மேல்மருவத்தூர், சூனாம்பேடு என்று மச்சான் வண்டி ஓட்டினான். வந்தவாசியில் நிறுத்தி நாலு கோரைப்பாய் வாங்கினோம். கூடாரத்துக்குள் விரிக்க அதைவிட நல்லது கிடையாது. மணல் ஒட்டாது, தட்டினால் உதிர்ந்துவிடும்.

தம்பியின் மாமாவுக்குச் சொந்தமான சவுக்குத் தோப்பில் கூடாரம் போட்டோம். கம்பியை விட மணல்தான் தொல்லை: அடித்த ஆணி எதுவும் நிற்கவில்லை. கடைசியில் தம்பியே வந்து, சாக்கில் மணல் கட்டிப் புதைத்து, கயிற்றை அதில் கட்டிக் கொடுத்தார். மேற்கே வெள்ளி அவ்வளவு பிரகாசமாக இருந்தது, மகள் விமானம் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் கை காட்டினாள்.

காலை நாலரைக்கு எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கொசு பிடுங்குகிறது.

பிப்ரவரி 15, சனி. மதியம்

உடம்பெல்லாம் உப்பு. தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நிலா மேற்கே இருக்கும்போதே பைபர் படகைத் தள்ளினார்கள். அலை உடைகிற இடத்தைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. அதைத் தாண்டியதும் தம்பி பீடி பற்றவைத்தார். எங்கள் மூவருக்கும் மிதவைச் சட்டை. மச்சான் முதல் அரை மணியிலேயே படகின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுவிட்டான். "கீழ பாக்காத, தூரத்துல கர தெரியுது பாரு, அதையே பாரு" என்றார் தம்பி. அது கொஞ்சம் வேலை செய்தது.

ஜி.பி.எஸ். பார்த்து ஒரு பார் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு, மீன் அங்கேதான் மேயும். எட்டுப் பாகம் ஆழமாம், ஏறக்குறைய ஐம்பது அடி. ராடு, ரீல் எதுவும் கிடையாது. ஒரு கட்டையில் சுற்றிய தங்கூஸ் நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, மேலே இரண்டு தூண்டில் முள், அதில் கணவாய்த் துண்டு. குண்டு தரை தட்டியதும் ஒரு முழம் தூக்கி, நரம்பை ஆள்காட்டி விரல் மேல் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். அலையின் இழுப்பும் மீனின் கடியும் விரலுக்கு ஒன்றுபோலவே இருந்தன. மகளுக்கு என்னைவிடச் சீக்கிரம் பிடிபட்டது. முதல் சங்கரா அவளுடையது, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. ரோஸ் நிறம் மேலே வந்து காற்றுப் பட்டதும் வெளுக்கத் தொடங்கிவிடுகிறது. மார்க்கெட்டில் நாம் பார்ப்பது அந்த வெளுத்த நிறத்தைத்தான்.

எனக்கு முள் அறுந்து அறுந்து வந்தது. "பேத்தைண்ணா, விடாது" என்று சிரித்தார். மூன்றாவதாக மேலே வந்தது அதுவே. முட்டைக்கண், கிளிமூக்கு மாதிரி பல். கையில் எடுத்ததும் வயிறு உப்பிக்கொண்டே போய்ப் பந்தாகிவிட்டது, பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. தம்பி வாலைப் பிடித்துத் தண்ணீரில் விட்டார். கொஞ்ச நேரம் தலைகீழாக மிதந்துவிட்டுக் காற்றை விட்டு இறங்கிப் போனது.

வெயில் ஏறியபோதுதான் ஆமை. தூரத்தில் ஒரு ஆலா தண்ணீர் மேல் நின்றுகொண்டிருந்தது. பறவை எப்படி நிற்கும் என்று பார்த்தால், கீழே பங்குனி ஆமையின் முதுகு! தம்பி எஞ்சினை அணைத்துவிட்டார். படகு அதுவாக நகர்ந்து ஐந்தாறு அடி தூரத்துக்குப் போனது. ஓட்டின் ஓரத்தில் பாசி, பின்பக்கம் வெள்ளையாகச் சிப்பிபோல் ஒட்டுயிர்கள். தலையைத் தூக்கி ஒரு மூச்சு விட்டது, தும்மல்போல் ஒரு சத்தம். ஆலா அப்போதும் பறக்கவில்லை. எங்களைப் பார்த்த பிறகுதான் ஆமை முங்கியது, ஆலா நனைந்த காலோடு கத்திக்கொண்டே போனது. திமிங்கலத்தைப் பற்றி அதன்பிறகு மகள் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது தம்பி பேச்சை ஆரம்பித்தார். போன மாதம் சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வரை நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் மாட்டி மணிக்கணக்கில் கீழேயே இழுபட்டால் மூழ்கித்தான் சாகும். "அஞ்சு கடல் மைலுக்குள்ள விசைப்படகு வரக்கூடாது. வருது. எங்க வலையும் போவுது, ஆமையும் போவுது" என்றார். தன் வலையில் ஆமை சிக்கினால் வலையை அறுத்துத்தான் விடுவாராம். அறுத்த வலைக்கு யாரும் காசு தரப்போவதில்லை. ஆமைக்காகப் பேசுகிற பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை என்பது என் எண்ணம்.

அதே நாள், இரவு

சாயங்காலம் ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். செங்கல்லும் சுண்ணாம்பும், பாதி இடிந்தது. காதலர்கள் பெயர் செதுக்காத செங்கல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆற்காட்டு நவாபு காலத்தில் இங்கே துறையும் இருந்தது, நாணயச் சாலையும் இருந்தது. 1750இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்குக் கொடுத்தார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள், அதே வருடம் ஆங்கிலேயர் வந்து இதை இடித்தார்கள். நேற்று நாங்கள் பாய் வாங்கிக்கொண்டு வந்த அதே வழி! கடல் என்றால் ஐஸ் பெட்டியில் வருவது என்று இருக்கிற ஆற்காட்டுக்காரர்களான எங்களுக்கு ஒரு காலத்தில் சொந்தமாகத் துறை இருந்திருக்கிறது. மச்சானிடம் சொன்னேன். "அப்ப மீன் வெல கம்மியா இருந்திருக்கும்" என்றான்.

எட்டரைக்கு மேல் நிலா வந்தது. டார்ச் அடிக்காமல் கரையோரம் நடந்தோம், வெளிச்சம் பட்டால் முட்டையிட வரும் ஆமை திரும்பிப் போய்விடும். ஒன்றும் வரவில்லை. வெளுத்த நண்டுகள் மட்டும் காலுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடியலில் தம்பி வந்து எழுப்பினார். தோப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் தடம். கடலிலிருந்து ஏறி, வளைந்து, காய்ந்த மணலில் குழி பறித்து, வேறு வழியாக இறங்கியிருந்தது. நாங்கள் தூங்கப் போன பிறகு வந்திருக்கிறது! முட்டைகள் அங்கே இல்லை, ரோந்து வந்தவர்கள் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போயிருப்பார்கள் என்றார். ஒரு தடவைக்கு நூறு முட்டை சுமாராக இடும், பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். மகள் தடத்தின் மேல் கால் படாமல் கூடவே நடந்து தண்ணீர் வரை போனாள்.

தம்பி மனைவி கத்தரிக்காயைப் பார்த்ததும் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுக் குழம்பு வைத்துவிட்டார். மச்சானின் வயிறு அதற்குள் சரியாகியிருந்தது.

திரும்பும் முன் மரக்காணம் பக்கம் கழுவேலி ஈரநிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த இடம். பூநாரைகள் எட்டாத தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. கருவால் மூக்கன் பறவைகள் பக்கத்திலேயே சேற்றில் மூக்கைச் சொருகி மேய்ந்தன. வெயில் தாங்காமல் கிளம்பிவிட்டோம்.

பிப்ரவரி 17, திங்கள். வேலூர்

சங்கராவை மூன்று வீட்டுக்குப் பங்கு போட்டேன். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, "கடையில வாங்கினதில்ல, நெஜந்தான்" என்று சான்று கொடுத்தார்.

மாடியில் கூடாரத்தை அலசிக்கொண்டிருந்தபோது இப்போது தங்கியிருக்கும் கொல்கத்தா ஐயா வாசனை பிடித்து வந்தார். இரண்டு மீன் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடல் மீனா, ஆற்று மீன் இல்லையா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். பாலாற்றில் மீன் கிடைக்காது ஐயா என்றேன். முகம் சுளித்துக்கொண்டேதான் வாங்கிப் போனார். மதியம் கடுகு அரைத்து ஊற்றிய குழம்பு ஒரு கிண்ணம் வந்தது, காரம் மூக்கில் ஏறியது. என் மனைவி செய்முறை கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். இன்னொரு பெட்டி மீன் அனுப்ப முடியுமா என்று தம்பியிடம் கேட்கச் சொல்கிறாள்.