கடைசி மூன்று பாடல்களில் குறைத்த ஆறு டெசிபல்

திறந்தவெளிக் கச்சேரிகளில் மிக்ஸர் மேசையில் நின்று ஒலியைச் சரிசெய்பவன் நான். தாழ்ந்த ஒலி எழுப்பும் பேஸ் கிதாரை ஒரு மாலையில் வாசித்த இளைஞர் கேட்ட கேள்விக்கு நான் எதையும் ஒளிக்காமல்தான் பதில் சொன்னேன். ஆனாலும் அந்தக் கோடையின் மற்ற கச்சேரிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிட்ட பிறகும், மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நடந்த அந்தச் சில நிமிடப் பேச்சு மட்டும் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. “கடைசி மூணு பாட்டுல பேஸே கேக்கலைன்னு அக்கா சொல்றாங்க. ஏதாவது பழுதாண்ணா?” என்றார். பழுதில்லை, நான்தான் குறைத்தேன் என்றேன். ஏன் என்று கேட்டார்; சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “போன வாரம் வந்தவங்களுக்கும் குறைச்சீங்களா?” என்றார். இல்லை என்றேன்.

குறைத்ததற்குக் காரணம் ஒரு பெண்மணி. இருட்டத் தொடங்கிய வேளையில், புல்வெளியைத் தாண்டி, மரவரிசைக்கும் அப்பால் இருக்கும் தெருவிலிருந்து நடந்து வந்து, கூட்டத்தின் நடுவே விளக்கு எரிந்த ஒரே இடமான என் மிக்ஸர் மேசைக்கு அருகில் நின்றார். சத்தம் போடவில்லை. “தம்பி, பாட்டாக் கேட்டா நான் எழுந்தே வந்திருக்க மாட்டேன். எனக்குப் பாட்டு வரலை, இடி மட்டும்தான் வருது. கண்ணாடி அதிருது. நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகணும்” என்றார்.

இப்படி வருபவர்களிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: “அனுமதிச்ச அளவுக்குள்ளதாம்மா இருக்கு.” அது சாக்கு அல்ல. ஏற்பாட்டுக் குழுவும் குடியிருப்போரும் உட்கார்ந்து பேசி, என் மேசையருகே 15 நிமிட சராசரி 95 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். திரையில் அப்போது 91 ஓடிக்கொண்டிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் இசை நிகழ்ச்சிகளுக்காக 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகூட 100 டெசிபல் வரை இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த எண் கேட்க வந்தவர்களின் செவியைக் காப்பதற்கானது. தூங்க முயல்பவரைக் குறித்தது அல்ல. அதைவிட முக்கியமான இன்னொன்று எனக்குத் தெரியும். நாங்கள் அளக்கும் ‘ஏ’ அளவுகோல், மனிதச் செவி குறைவாக உணரும் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்லும். பேஸ் கிதாரின் தடித்த தந்தியைத் திறந்த நிலையில் மீட்டினால் எழுவது 41 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் அளவுகோல் கழிப்பது ஏறத்தாழ 35 டெசிபல். சுவரும் மூடிய ஜன்னலும் பாடகரின் குரலையும் சிம்பலையும் நிறுத்திவிடும். தாழ்ந்த ஒலியை நிறுத்தாது. என் கருவி கணக்கில் எடுக்காத ஒன்று மட்டுமே அவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பாட்டு வரவில்லை, இடிதான் வருகிறது என்று அவர் சொன்னதைவிடத் துல்லியமாக என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

மேடைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளிலிருந்துதான் முன்பெல்லாம் புகார் வரும். அதனால் தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர்களான சப்-ஊஃபர்களில் ஒன்றைப் பின்புறமாகத் திருப்பி, அதற்கு எதிர்முனைப்பும் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) சில மில்லி விநாடித் தாமதமும் கொடுத்து, பின்னால் போகும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. முன்னால் தொலைவில் இருப்பவர்களுக்கு அந்த ஏற்பாடு எதுவும் செய்யாது. அதோடு, கச்சேரிக்கு முன் ஒலியைச் சோதித்துப் பார்க்கும் சவுண்ட் செக்கை நாங்கள் செய்வது பிற்பகலில். அப்போது தரை சூடாக இருக்கும், ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும், தொலைவில் இருப்பவர்களுக்குப் பெரிதாக எதுவும் எட்டாது. வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருக்கும் மாலையில் சூரியன் இறங்கியதும் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான அடுக்கு நின்றுவிடும். மேலே போக வேண்டிய ஒலி, போர்வைக்குள் அகப்பட்டதுபோலத் திரும்பிக் கீழே இறங்கும். ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தத் தெருவில் மட்டும் சத்தம் கூடும். திறந்தவெளிக் கச்சேரிகளில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பெண்மணி வாய் திறக்கும் முன்பே இதை நான் எதிர்பார்த்திருக்கலாம் என்று யாரேனும் சொன்னால், ஒவ்வொரு மாலையும் அப்படி ஆவதில்லை என்பதே என் பதில். போன வாரம் காற்று நன்றாக வீசியது, யாரும் வரவில்லை.

சப்-ஊஃபர்களுக்கு மட்டும் தனி ஃபேடர் உண்டு. அதை ஆறு டெசிபல் இறக்கினேன். ஆறு டெசிபல் என்றால் அவற்றுக்குப் போகும் திறன் நான்கில் ஒரு பங்காகிவிடும். பெண்மணி தலையசைத்துவிட்டுப் போனார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பின்பக்கம் அழியும்படி நான் செய்திருந்த அதே அமைப்பு, மேடைக்குப் போகும் சப் ஒலியையும் ஏற்கெனவே விழுங்கியிருந்தது. பேஸ் வாசித்த இளைஞருக்குக் கேட்டது அவருடைய சொந்த ஆம்ப்ளிஃபையர் மட்டும்தான். கூட்டத்தில் நின்றிருந்த அவருடைய அக்காவின் நெஞ்சுக்குத்தான் வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

குறைப்பதற்கு முன் கேட்டிருக்கலாமே என்று அந்த இளைஞர் சொன்னார். பாட்டின் நடுவே கேட்க வழியில்லை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மேடையோடு பேச உதவும் டாக்பேக் பொத்தானை அழுத்தி, வாசிப்பவர்கள் தங்கள் இசையைக் கேட்கும் மானிட்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லாததற்கு என்னிடம் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது: முதல் முறையாகப் பெரிய மேடை ஏறியிருக்கும் பிள்ளைகளிடம், கடைசி மூன்று பாடல்களுக்கு முன்னால், பக்கத்துத் தெருவில் ஒருவர் உங்களால் தூங்க முடியாமல் இருக்கிறார் என்று காதுக்குள் சொன்னால் அவர்கள் எப்படி வாசிப்பார்கள்? அந்தச் சுமையை நான் ஏற்றுக்கொள்வதுதான் மேசையில் நிற்பவனின் வேலை என்று நம்புகிறேன்.

ஆனால் அவருடைய இரண்டாவது கேள்வி இதற்குள் அடங்குவதில்லை. போன வாரம் வந்தது ஊர் ஊராகப் போய் வாசிக்கும் குழு. அவர்கள் தங்கள் சவுண்ட் இன்ஜினியரைக் கூடவே அழைத்து வருவார்கள். மேசையில் அவர் நிற்பார், நான் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பெண்மணி அன்று வந்திருந்தாலும் நான் ஃபேடரைத் தொட்டிருக்க முடியாது. அந்த இன்ஜினியரிடம் எடுத்துச் சொல்லியிருப்பேன், அவர் தம் குழுவுக்காகப் பேசியிருப்பார், இருவருமாக எங்கோ ஓரிடத்தில் ஒத்துப்போயிருப்போம். இதே புறநகரில் வளர்ந்து, யாரோ ஒருவரின் கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி செய்து மேடைக்கு வந்த பிள்ளைகளுக்கு மேசையில் யாருமில்லை. நான்தான் அவர்களுடைய ஆள். ஏற்பாட்டுக் குழுவின் ஆளும் நானே, அன்று அந்தத் தெருவின் ஆளும் நானே. மூன்று பேருக்காகவும் நானே பேசி நானே முடித்துவிட்டேன். அவர் கேட்டது பேஸைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கேட்க வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள். பிடிக்கவில்லையென்றால் நாற்காலியை மடித்துக்கொண்டு போய்விடலாம். தன் படுக்கையறையில் இருப்பவர் எங்கே போவார்? இந்த மாலைகள் கோடைதோறும் தொடர வேண்டுமென்றால் இந்தத் தெருக்கள் அவற்றைப் பொறுத்துக்கொண்டால்தான் முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புகார்கள் சேர்ந்து சேர்ந்து, நேரம் குறைக்கப்பட்டு, பிறகு டிரம்ஸே வேண்டாம் என்று ஆகி, கடைசியில் நிகழ்ச்சியே நின்றுபோன இடம் ஒன்றில் வேலை செய்தவன் நான். அங்கே முதலில் இழந்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள்தான், வெளியூர்க் குழுக்கள் அல்ல. அதனால் அன்று குறைத்தது அந்த பேஸ் இளைஞருக்காகவும்தான் என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் கடைசிப் பாடலின் தொடக்கம் முழுவதும் திறந்த தந்தியில் அவர் தனியாக வாசிக்கும்படி அமைத்த ஒன்று. கூட்டத்துக்கு அது ஏதோ தட்டும் ஓசையாகத்தான் போயிருக்கும். அவரைப் பார்த்து, உனக்காகத்தான் குறைத்தேன் என்று சொல்ல என் வாய் எழவில்லை.

அதற்குப் பிறகு சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவுகோலையும் திரையில் சேர்த்து ஓட விடுகிறேன். இருட்டியதும் ஒருவரை அளவியோடு தெருமுனைக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன். மாலையில் பேஸ் குறையக்கூடும் என்று சவுண்ட் செக்கின்போதே ஒவ்வொரு குழுவிடமும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் குறைப்பதில்லை என்று எனக்குள் விதியும் வைத்துக்கொண்டேன். அந்த விதி நிற்கவில்லை. பள்ளி மாணவர்கள் சிலர் வாசித்த ஒரு மாலையில், தெருமுனையிலிருந்து எண் வந்ததும் என் விரல் தானாக இறங்கியது; பாட்டு முடிந்த பிறகுதான் சொன்னேன். சில வாரங்களுக்குப் பின் ஒரு பெரிய குழுவின் இன்ஜினியரிடம் அதே எண்ணைக் காட்டினேன். அவர் இரண்டு டெசிபல் குறைத்தார். போதாது என்று தெரிந்தும் நான் மேலும் வற்புறுத்தவில்லை.

சொந்த இன்ஜினியர் இல்லாத குழுக்கள், தங்கள் பாடல்களை அறிந்த ஒருவரை மேசையருகே நிறுத்தலாம் என்று ஏற்பாட்டுக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். அப்படி நிற்பவர் குறைக்காதீர்கள் என்று சொல்லும் வேளையில், அந்தத் தெருவிலிருந்து ஒருவர் நடந்து வந்து எதிரே நின்றால் முடிவு யாருடையது என்பதை நான் அதில் எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை.