ரூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த 16 ஜிபி: லினக்ஸ் கணினியைச் சுத்தம் செய்த அனுபவம்

நான் அன்றாடம் பயன்படுத்தும் மடிக்கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 இருக்கிறது. நிறுவும்போதே சிஸ்டம் தங்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு (வட்டின் ஒரு பிரிவுக்கு) 60 ஜிபி ஒதுக்கிவிட்டு, மீதி இடம் முழுவதையும் என் சொந்தக் கோப்புகளுக்கான ஹோம் பார்ட்டிஷனாகத் தனியே பிரித்து வைத்தேன். வெறும் சிஸ்டம் கோப்புகளுக்கு 60 ஜிபி தாராளம் என்பது அன்றைய என் கணக்கு. சென்ற மாதம், வட்டில் இடம் குறைந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் தலைகாட்டத் தொடங்கியது. இரண்டு முறை அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்றாம் முறை டெர்மினலைத் திறந்து, வட்டின் இட நிலவரத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தேன். மொத்தம் 59 ஜிபி, பயன்பாட்டில் 54, மீதம் 2, அதாவது 97 விழுக்காடு நிறைந்திருந்தது.

59இல் 54 போனால் 5 மிஞ்ச வேண்டுமே, 2 என்று ஏன் காட்டுகிறது என்ற ஐயம் பலருக்கும் வருவதுதான். வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, தன் மொத்த அளவில் 5 விழுக்காட்டை, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. சாதாரணப் பயனர் வட்டை விளிம்புவரை நிரப்பிவிட்டாலும், சிஸ்டத்தின் முக்கியச் சேவைகள் எழுத இடமின்றித் திணறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம் என்றாலும், ரூட் பார்ட்டிஷனில் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

முதல் மாலை முழுவதையும் வீணடித்தேன் என்றே சொல்ல வேண்டும். வழக்கமாக எல்லோரும் சொல்கிறபடி, பிரவுசரின் கேச், படங்களின் தம்ப்நெயில்கள், பைத்தானின் பிப் கேச், குப்பைத் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் காலி செய்து ஏறத்தாழ 6 ஜிபியை அழித்துவிட்டு, பெருமையோடு மீண்டும் டிஎஃப் பார்த்தால், ரூட்டில் ஒரு எம்பி கூடக் குறையவில்லை. குறைய வழியும் இல்லை. நான் அழித்தவை அத்தனையும் ஹோம் பார்ட்டிஷனில் இருந்தவை. பிரித்து வைத்தவனே அதை மறந்து போனேன்.

மறுநாள் ரூட்டின் பக்கம் வந்தேன். மென்பொருள்களை நிறுவும் கருவியான ஆப்ட் இறக்கி வைத்திருந்த பேக்கேஜ் கோப்புகளை 'ஆப்ட் கிளீன்' ஒரே நொடியில் நீக்கியது, 2.1 ஜிபி மிச்சமானது. இவை நிறுவி முடித்த பேக்கேஜ்களின் இறக்கிய பிரதிகள் மட்டுமே என்பதால், நீக்குவதால் எந்த மென்பொருளும் பாதிக்கப்படாது; தேவைப்பட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, தேவையற்றுப்போன பேக்கேஜ்களை நீக்கும் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்தபோது, நீக்க எதுவுமில்லை என்று பதில் வந்தது. ஆனால் பூட் அடைவில், சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலின் நான்கு பதிப்புகள் வரிசையாக நின்றிருந்தன. பழைய கர்னல்களைத் தானே நீக்கும் என்று கேள்விப்பட்ட கட்டளை இவற்றை ஏன் விட்டுவைத்தது என்று தேடியபோது, 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' தரும் பட்டியலில் விடை இருந்தது. ஒரு பேக்கேஜ் இன்னொன்றின் தேவைக்காகத் தானாக வந்ததா, அல்லது நாமே பெயர் சொல்லி நிறுவியதா என்பதை ஆப்ட் தனித்தனியே குறித்து வைத்திருக்கிறது. முன்பொரு சமயம் வைஃபை தகராறு செய்தபோது, இரண்டு கர்னல்களை நானே பெயர் கொடுத்து நிறுவிப் பார்த்திருந்தேன். நாமே கேட்டு வாங்கியவற்றில் ஆட்டோரிமூவ் கை வைப்பதில்லை. 'யூநேம் -ஆர்' கொடுத்து இப்போது ஓடும் கர்னல் எது என்று உறுதி செய்துகொண்டு, அதையும் அதற்கு முந்தைய ஒன்றையும் விட்டுவைத்து, மற்ற இரண்டையும் அவற்றின் மாட்யூல், ஹெடர் பேக்கேஜ்களோடு நீக்கியதில் 1.1 ஜிபி கிடைத்தது. முந்தையதை விட்டுவைப்பது கஞ்சத்தனம் அன்று. புதிய கர்னல் என்றாவது பூட் ஆகாமல் நின்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் கைகொடுப்பது அதுதான்.

சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி எழுதும் ஜர்னல், அதாவது நிகழ்வுப் பதிவு, 3.4 ஜிபி பிடித்திருந்தது. அளவு எதுவும் குறிப்பிடாவிட்டால், கோப்பு முறைமையின் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை அது வளரும். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையின் வேக்யூம் தெரிவு, எழுதி முடித்து ஒதுக்கப்பட்ட கோப்புகளை மட்டுமே நீக்கும் என்பதால், முதலில் ரொட்டேட் செய்துவிட்டு (எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை முடித்து வைத்துவிட்டு) 200 எம்பிக்குச் சுருக்கினேன். ஜர்னல்டியின் அமைப்புக் கோப்பிலும் அதே அளவை வரம்பாக எழுதி வைத்தேன். இல்லையென்றால் சில மாதங்களில் பழைய நிலைக்கே போய்விடும்.

உபுண்டுவின் இன்னொரு மென்பொருள் பொதி முறையான ஸ்னாப் பக்கம் 2.3 ஜிபி கிடைத்தது. ஒவ்வொரு ஸ்னாப்பும் புதுப்பிக்கப்படும்போது அதன் முந்தைய பதிப்பு, திரும்பிச் செல்ல வசதியாக, முடக்கப்பட்ட நிலையில் வட்டிலேயே தங்குகிறது. 'ஸ்னாப் லிஸ்ட் --ஆல்' கொடுத்தால் அவை 'டிசேபிள்டு' என்ற குறிப்போடு தெரியும். பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நீக்கலாம். டிஎஃப் பட்டியலில் லூப் சாதனங்கள் எல்லாம் 100 விழுக்காடு நிரம்பியிருப்பதாகக் காட்டுவதைக் கண்டு புதியவர்கள் பதறுவதுண்டு. அவை படிக்க மட்டுமே ஆன, இறுகச் சுருக்கிய ஸ்னாப் கோப்புகள். பிறக்கும்போதே நிரம்பியவை, அவற்றைக் கண்டு கவலைப்பட ஒன்றுமில்லை.

பிறகு மென்பொருள்களின் முறை. பயன்படுத்தாத வீடியோ எடிட்டர், ஒரு டேட்டாபேஸ் சர்வர், சில விளையாட்டுகள் என்று 1.3 ஜிபி அளவுக்கு நீக்கிவிட்ட துணிச்சலில், 'எவல்யூஷன்-டேட்டா-சர்வர்' என்ற பேக்கேஜ் கண்ணில் பட்டது. எவல்யூஷன் ஒரு மின்னஞ்சல் மென்பொருள். நான் அதை ஒருநாளும் திறந்ததில்லை. அதற்கு எதற்கு ஒரு சர்வர் என்று நீக்கச் சொன்னேன். நல்லவேளையாக, ஆம் என்று தட்டச்சிடும் முன் பட்டியலைப் படித்தேன். ஒரு பேக்கேஜை நீக்கக் கேட்டவனுக்கு, நீக்கப்படவிருப்பவை என்று ஒரு பத்தியே வந்திருந்தது. அதன் நடுவில், திரையின் முகப்பைத் தரும் ஜினோம்-ஷெல்லும், உள்நுழைவுத் திரையைத் தரும் ஜிடிஎம்3யும் அமைதியாக உட்கார்ந்திருந்தன. மேலே கடிகாரத்தைச் சொடுக்கினால் விரியும் நாட்காட்டிக்குத் தகவல் தருவது இந்தச் சர்வர்தான். ஆகவே ஜினோம்-ஷெல் அதைக் கட்டாயத் தேவையாக அறிவித்திருக்கிறது, ஜிடிஎம்3 ஜினோம்-ஷெல்லைச் சார்ந்திருக்கிறது. அன்று எண்டரைத் தட்டியிருந்தால், அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே வரவேற்றிருக்கும். அதன் பின் எதை நீக்கினாலும், முதலில் -எஸ் தெரிவோடு ஒத்திகை பார்த்துவிட்டே நீக்குகிறேன். அப்போது என்னென்ன போகும் என்று சொல்லுமே தவிர, எதையும் செய்யாது.

இவ்வளவுக்கும் பிறகு டிஎஃப் 44 ஜிபி என்றது. பத்து ஜிபி குறைந்தது நல்லதுதான். ஆனால் எது அந்த 44 என்று பார்க்க, ரூட் அனுமதியோடு டியூ கட்டளையை, வேறு பார்ட்டிஷனுக்குள் நுழையாதபடி -எக்ஸ் தெரிவு சேர்த்து ஓட்டினால், மொத்தம் 28 ஜிபி என்று வந்தது. ஒரே பார்ட்டிஷன், இரண்டு கட்டளைகள், நடுவில் 16 ஜிபி வித்தியாசம். முதல் நாளே இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், மேலே சொன்ன பாதி வேலைகளுக்கு அவசியமே இருந்திருக்காது.

இரண்டும் எண்ணும் முறையே வேறு. டிஎஃப், கோப்பு முறைமையிடம் எத்தனை பிளாக்குகள் பயன்பாட்டில் உள்ளன என்று நேரடியாகக் கேட்டுக்கொள்கிறது. டியூவோ அடைவு அடைவாக நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு கோப்பையும் எண்ணிக் கூட்டுகிறது. ஆகவே வட்டில் இடம் பிடித்துக்கொண்டு, ஆனால் நடந்து போய்ச் சேர முடியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

முதல் சந்தேகம் நானே செய்த ஒரு காரியத்தின் மேல் விழுந்தது. சில வாரங்களுக்கு முன், வெப்பநிலையைப் பதிவு செய்ய நான் எழுதிய சிறு நிரல் ஒன்றின் லாக் கோப்பு ஊதிப் பெருத்திருந்ததைக் கண்டு, 'ஆர்எம்' கொடுத்து அழித்திருந்தேன். லினக்ஸில் அழித்தல் என்பது, அடைவிலிருந்து பெயரை எடுத்துவிடுவது மட்டுமே. ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை, பெயரற்ற அந்தக் கோப்பு வட்டில் உயிரோடு இருக்கும். அதில் தொடர்ந்து எழுதவும் செய்யலாம். அப்படிப்பட்ட கோப்புகளைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று கொடுத்தபோது, 'டெலிடட்' என்ற குறிப்போடு அதே லாக் 1.8 ஜிபி அளவில் வந்து நின்றது. மடிக்கணினியை மூடித் திறப்பதே தவிர அணைக்கும் வழக்கம் எனக்கில்லை என்பதால், நிரலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ததும் இடம் திரும்பியது. இத்தகைய லாகுகளை அழிக்காமல், 'ட்ரங்கேட்' கொடுத்து அளவைச் சுழியமாக்குவதே முறை.

இன்னும் 14 ஜிபிக்கு மேல் மிச்சம். கோப்பு முறைமையே பழுதாகிவிட்டதோ என்று அஞ்சி, அதைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டவும் ஒரு கட்டத்தில் ஆயத்தமானேன். அதற்கு முன், மவுண்ட் புள்ளிகளின் நினைவு வந்தது. ஒரு அடைவின் மேல் வேறொரு வட்டை மவுண்ட் செய்தால், அதாவது அதன் உள்ளடக்கம் அந்த அடைவில் தெரியும்படி இணைத்தால், அந்த அடைவுக்குள் ஏற்கெனவே இருந்த கோப்புகள் அழிவதில்லை. மேலே விரித்த பாயின் அடியில் கிடப்பதுபோல் மறைந்துவிடுகின்றன. அடியில் கிடப்பதைக் காண, புதிதாக ஒரு வெற்று அடைவை உருவாக்கி, 'மவுண்ட் --பைண்ட்' கொண்டு ரூட்டை அதன் மேல் இன்னொரு முறை மவுண்ட் செய்தேன். இந்த இரண்டாவது பார்வையில் ரூட் பார்ட்டிஷன் மட்டுமே தெரியும். அதன் மேல் ஏறியிருக்கும் மற்ற வட்டுகள் தெரியாது.

அங்கே டியூ ஓட்டியதும் குட்டு வெளிப்பட்டது. என் வெளி வட்டு வழக்கமாக மவுண்ட் ஆகும் 'பேக்கப்' அடைவுக்குள் 14.2 ஜிபி. திறந்து பார்த்தால், என் ஆவணங்கள், புகைப்படங்கள் அனைத்தின் முழுப் பிரதி, பக்கத்தில் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதும் சிறிய லாக் கோப்பு. அதில் ஒரே ஒரு இரவின் தேதி. ஒவ்வொரு இரவும் 11 மணிக்கு, நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் கிரான் இந்த ஸ்கிரிப்டை ஓட்டும். அன்று இரவு நான் வெளி வட்டைச் செருக மறந்திருக்கிறேன். வட்டு இல்லாவிட்டாலும் அடைவு அங்கேயே இருந்தது. ஸ்கிரிப்டுக்குள் கோப்புகளைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் அதைக் காலியான இலக்கு என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் புதிதாக ரூட்டிலேயே எழுதி முடித்துவிட்டது. மறுநாள் வட்டைச் செருகியதும் அதன் உள்ளடக்கம் மேலே விரிந்துகொள்ள, 14 ஜிபியும் மறைந்துபோனது. வட்டைக் கழற்றிவிட்டு அந்த அடைவைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாதபோது பைண்ட் முறைதான் வழி காட்டியது.

உடனே அழித்துவிடக் கை துடித்தாலும் செய்யவில்லை. அந்த இரவுக்குப் பிறகு ஏதேனும் ஒரு கோப்பு மூலத்திலிருந்து அழிந்து, வெளி வட்டிலும் இல்லாமல், இங்கே மட்டும் எஞ்சியிருக்கக் கூடும். ஆர்சிங்கை ஒத்திகை முறையில், செக்சம் ஒப்பீட்டோடு (கோப்புகளின் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டு), மறைந்திருந்த பிரதியிலிருந்து வெளி வட்டை நோக்கி ஓட்டினேன். மாறுபட்டவை என்று பதினேழு கோப்புகள் வந்தன. பதினைந்து, பின்னர் நான் திருத்திய ஆவணங்களின் பழைய வடிவங்கள். மீதி இரண்டு, எப்போதோ தவறி அழித்துவிட்டு, தொலைந்தது தொலைந்ததுதான் என்று விட்டுவிட்ட புகைப்படங்கள். அவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, பைண்ட் செய்த பாதை வழியாகவே, பாதையை இரண்டு முறை படித்துப் பார்த்து, மற்றதை அழித்தேன். உண்மையான பேக்கப் அடைவின் பெயரைத் தவறிக் கொடுத்திருந்தால் வெளி வட்டில் இருப்பது போயிருக்கும். ஆர்எம்முக்குக் குப்பைத் தொட்டி கிடையாது.

டிஎஃப் இப்போது 28 என்றது, டியூவும் 28 என்றது, 50 விழுக்காடு.

இது மறுபடி நிகழாதிருக்க இரண்டு தடுப்புகளை வைத்தேன். ஸ்கிரிப்டின் முதல் வரியில், 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளை மூலம், அந்த அடைவின் மேல் உண்மையிலேயே ஒரு வட்டு ஏறியிருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடச் செய்தேன். அடுத்து, வட்டைக் கழற்றிவிட்டு, வெறுமையான அந்த அடைவுக்கு, மாற்ற முடியாதது என்ற பண்பைத் தரும் 'சிஎச்ஆட்டர் +ஐ' கொடுத்தேன். இனி ரூட் பயனரே முயன்றாலும், அந்தப் பண்பை எடுக்காமல் அதற்குள் எதையும் எழுத முடியாது, ஆனால் அதன் மேல் வட்டை மவுண்ட் செய்வதற்குத் தடையில்லை. அன்றிரவு வேண்டுமென்றே வட்டைச் செருகாமல் விட்டு, ஹோமுக்கு இடம் மாற்றிவிட்ட லாக் கோப்பை 11 மணிக்குத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வட்டு இல்லை, பேக்கப் எடுக்கவில்லை என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது.