குவார்ட்ஸ் வடிதாளின் கெட்ட குணம்

காற்றுத் தூசில இருக்கிற கரிமச் சேர்மங்களை அளக்கணும்னா டெஃப்லான் வடிதாளை ஓரமா வைங்க. எடை பார்க்க அது சரி. இதுக்கு குவார்ட்ஸ் வடிதாள்தான். அதையும் 550 டிகிரில சில மணி நேரம் உலையில சுட்டு, சுட்ட அலுமினியத் தாள்ல சுத்தி வைக்கணும். பிளாஸ்டிக் டப்பால போட்டீங்கன்னா அப்புறம் பிளாஸ்டிக்ல இருந்து கசியுற தாலேட்டைத்தான் அளப்பீங்க.

தாள் வழியா நிமிடத்துக்கு 16.7 லிட்டர் இழுத்தா, 24 மணி நேரத்துல 24 கன மீட்டர் காற்று. குவார்ட்ஸோட கெட்ட குணம், தூசியோட வாயுவையும் சேர்த்து உறிஞ்சிக்கும். பின்னாடி இன்னொரு தாள் வெச்சா அது எவ்வளவுன்னு ஓரளவு தெரியும். களத்துக்குப் போய் காற்று இழுக்காமலே திரும்பின வெற்றுத்தாள் இல்லாத முடிவை நான் நம்பறதில்ல.

விறகுப் புகையைக் காட்டிக்கொடுக்கிறது லெவோகுளுகோசான், மரம் எரியும்போது உண்டாகிற ஒரு சர்க்கரைச் சேர்மம். ஐசோடோப் ஏத்தின ஒப்பீட்டுச் சேர்மத்தை (அதே சேர்மம்தான், கனமான அணுக்களோட, தெரிஞ்ச அளவுல) கரைப்பான் ஊத்துறதுக்கு முன்னாடியே தாள்மேல விடுங்க. வழியில தொலைஞ்சதும் கணக்குல வந்துடும். டைகுளோரோமீத்தேன்-மெத்தனால் கலவையில போட்டு அல்ட்ராசோனிக் அதிர்வுல கரைச்செடுத்து, அப்புறம் நைட்ரஜன் ஊதி சுத்தமா வத்தவெச்சு, பிஎஸ்டிஎஃப்ஏ (வாயு நிறப்பிரிகைக் கருவில அளக்க ஏதுவா, சேர்மத்தை எளிதா ஆவியாகிற வடிவத்துக்கு மாத்துற வினைபொருள்) விட்டு 70 டிகிரில 3 மணி நேரம். மெத்தனாலோ ஈரமோ மிஞ்சினா அதுவே பிஎஸ்டிஎஃப்ஏவைத் தின்னுடும், லெவோகுளுகோசான் பாதிதான் மாறும்.

சட்டுன்னு ஆவியாகிற லேசான ஆசாமிகளும் வேணுமா? வத்தவைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பங்கைத் தனியா எடுத்துடுங்க. காய்ஞ்சா பறந்துடும்.