மூன்று ஏக்கரும் ஒரு மின்வேலியும்

வெற்றிமாறனின் 'அசுரன்' படம் 2019 அக்டோபரில் வெளிவந்தபோது தென்மாவட்டத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் சர்வேயராக இருந்தேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கதை என்பதால் ஆபீஸில் ஆளுக்கொரு காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தனுஷ் கையில் ஆயுதம் ஏறும் இடம், மூத்த மகனை மீட்க வீடு வீடாகப் போய் அவர் காலில் விழும் இடம், ஜி.வி.பிரகாஷின் இசை. எனக்குள் தங்கிவிட்டது அந்த மின்வேலி. தனுஷ் நடித்த சிவசாமியின் மூன்று ஏக்கரைப் பெரிய நிலக்காரன் வடக்கூரான் கேட்கிறான், கொடுக்கவில்லை. வேலியில் கரண்ட் பாய்ந்து நாய் சாகிறது. கேட்கப் போன இடத்தில் கைகலப்பு. அதற்குப் பிறகுதான் கொலைகள்.

பழிவாங்கும் கதை என்று எல்லோரும் சொல்லும் படத்தை நான் எல்லைத் தகராறாகவே பார்த்தேன். என் வேலை அப்படி. நிலம் ஒரே நாளில் கைமாறிவிடாது. முதலில் சர்வே கல் காணாமல் போகும். வரப்பு வருஷத்துக்குக் கொஞ்சமாக நகரும். பிறகு வேலி. சின்னப் பட்டாதாரர் அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி மனுப் போட்டுக் காத்திருப்பார்.

அப்படி அளக்கப் போன ஒரு காலை மறக்கவில்லை. புலப்படத்தை விரித்து, கிடைத்த ஒரு பழைய கல்லிலிருந்து செயின் பிடித்தோம். பக்கத்து நிலத்துக்காரர் ஆட்களோடு பைக்குகளில் வந்து வரப்பை மறித்து நின்றார். மனுப் போட்ட அம்மா தூரத்தில், வேப்பமரத்தடியில் நின்றார். ரேஷன் கார்டு கவருக்குள் நாலாக மடித்த காகிதம். அருகே கூப்பிட்டேன், வரவில்லை. "நீங்க அளங்கய்யா, நான் இங்கனயே நிக்கேன்" என்றார். தன் நிலத்தில் கால் வைக்கக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை. அளவு அவர் பக்கம்தான் வந்தது. கல் நட்டோம். பெருமாள் கோவில் திருவிழா முடிவதற்குள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். மறுபடி மனு. என் ரிப்போர்ட்டை எழுதி மேலே அனுப்பினேன். ஃபைல் அங்கேயே நின்றது.

அவர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பேரன் இருந்தான். சிவசாமியின் இளைய மகன் சிதம்பரம் பழி தீர்த்துவிட்டுத் திரையில் ஓடியபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. பழி ஒரு பையனின் ரத்தச் சூட்டில் பிறப்பதாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் அது நகராத ஃபைலில் பிறக்கிறது. கேட்கவேண்டிய ஆபீஸ் கேட்டிருந்தால் அரிவாளுக்கு அங்கே வேலையே இல்லை.

பூமணி 1982-இல் எழுதிய 'வெக்கை' நாவலில் இல்லாத பஞ்சமி நிலப் போராட்டத்தை வெற்றிமாறன் சிவசாமியின் இளமைக் காலமாகச் சேர்த்திருக்கிறார். அந்தப் பகுதி நீளம் என்றார்கள் நண்பர்கள். எனக்கு அதுதான் படத்தின் அஸ்திவாரம். குடிசைகள் எரியும்போது 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேர் நினைவில் வராமல் போகமாட்டார்கள். நிலத்தைச் சுற்றிய சாவு அதோடும் நின்றுவிடவில்லை. 1994-இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த ஏற்பாடுதான் பஞ்சமி நிலம். பட்டியல் சாதி மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்கியது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் கொடுக்கலாம். மீறிய கிரயம் செல்லாது. எங்கள் ஆட்கள் 'டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம்', 'கண்டிஷன் நிலம்' என்பார்கள். இவ்வளவு கடுமையான நிபந்தனை இருந்தும் நிலம் எப்படிப் போனது? கடனுக்கு, மிரட்டலுக்கு, ஒரு கைநாட்டுக்கு. அதோடு பதிவேட்டிலும் போனது. பழைய செட்டில்மென்ட் 'அ' பதிவேட்டில், அதாவது புல எண் வாரியாக நில விவரம் எழுதும் கிராமக் கணக்கில், குறிப்புக் கலத்தில் நிபந்தனை தெளிவாக இருக்கும். எண்பதுகளில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவுகளில் அதே புல எண்ணுக்கு நேரே அந்தக் கலம் வெறுமையாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தபோதெல்லாம் வயிறு எரிந்திருக்கிறது.

படம் வந்த பிறகு இளவட்டங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். செல்போனில் சர்வே நம்பரை எழுதி வைத்துக்கொண்டு, "இது பஞ்சமியா சார்?" என்று கேட்டார்கள். அதற்கு முன் அந்தச் சொல்லை மனுவில்தான் பார்த்திருக்கிறேன். இருபது வயதுப் பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டதில்லை. வழக்கு, கொலை, ஓட்டம் எல்லாவற்றையும் தாண்டி மகனைப் படிக்கச் சொல்லிவிட்டு சிவசாமி கோர்ட்டுக்குப் போகிறாரே, அந்தப் பேச்சைக் கேட்ட பிள்ளைகள் இவர்கள்.

அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஆன்லைனில் எடுத்த சிட்டாவோடு நிற்காதீர்கள். அது இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். குறிப்புக் கலத்தையும் சேர்த்து நகல் எடுத்துத் தரும்படி மனுவிலேயே எழுதுங்கள். கையில் வந்ததும் இரண்டையும் புல எண் வாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.